57 லிட்டர் டேங்க், ஆடிக் காற்று, ஒரு காபி வண்டி

இந்த வாரம் விருந்தினர் யாரும் இல்லை. நான் மட்டும்தான். போன ஆடி மாசம் நானும் என் அக்காவும் புதுச்சேரியிலிருந்து மாஹேவுக்கு ஒரு டிரெய்லரை இழுத்துக்கொண்டு போனோம். அக்கான்னா என் பெரியம்மா பொண்ணு. அந்தப் பயணத்தில் நான் பண்ணின ஒரு கணக்குத் தப்பைப் பற்றித்தான் இன்னைக்குப் பேச்சு.

டிரெய்லர்னா நம்ம ஊர்ல முதல்ல நினைவுக்கு வருவது டிராக்டர் டிப்பர். இல்லைன்னா வீராம்பட்டினம் பக்கம் படகைக் கரையேற்றும்போது டிராக்டர் இழுப்பதைப் பார்த்திருப்பீங்க. காருக்குப் பின்னாடி டிரெய்லர் மாட்டினா ஆளுங்க நின்னு போட்டோ எடுக்கிறாங்க. அக்காவோடது ஒரு காபி வண்டி. பெட்டி மாதிரி உடம்பு, ரெண்டு சக்கரம், உள்ளே எஸ்பிரெசோ மெஷின், சின்ன ஜெனரேட்டர், தண்ணி டேங்க், ஒரு ஃப்ரிட்ஜ். எல்லாம் ஏத்தினா சுமார் 900 கிலோ. ரெண்டு வருஷ சம்பளச் சேமிப்பும் ஒரு பேங்க் லோனும் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கு. லாஸ்பேட்டை பக்கம் சாயங்காலம் நிறுத்துவாங்க. ஆடியில கல்யாண ஆர்டர் இருக்காது, மாசம் பூரா வியாபாரம் மந்தம். அப்போதான் மாஹேயில் ஒரு நிக்காஹ் வீட்டிலிருந்து ரெண்டு நாள் ஆர்டர் வந்தது. லோன் தவணை ரெண்டு மாசத்துக்கு அதுல கழிஞ்சிடும். அதனால அது வெறும் டிரிப் இல்லை.

இழுக்கிற வண்டி என்னோடது. டீசல் எஸ்யூவி, டேங்க் 57 லிட்டர். எந்த கம்பெனின்னு கேட்காதீங்க, தப்பு வண்டி மேல இல்லை.

இப்போ புதுச்சேரிக்காரங்களுக்கே உரிய ஒரு வியாதியைச் சொல்லணும். பெட்ரோலும் டீசலும் 2017-ல் வந்த ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. ஒவ்வொரு மாநிலமும் யூனியன் பிரதேசமும் தனித்தனியாக வாட் போடுகிறது. புதுச்சேரியில் வரி கம்மி, அதனால் டீசல் தமிழ்நாட்டை விட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. தமிழ்நாட்டை விடக் கேரளாவில் இன்னும் கொஞ்சம் அதிகம். ஆனால் அந்தக் கேரளாவுக்கு நடுவிலேயே மாஹே இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன நான்கு துண்டுகளில் ஒன்று. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியபோது புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் நாலும் ஒன்றாகவே வந்தன. அதனால் மாஹேயில் பங்க் போர்டு பக்கத்து ஊர் வடகரையைவிட லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் இறங்கி நிற்கும். வரிசையும் அதற்குத் தகுந்த மாதிரி நிற்கும்.

விழுப்புரம் ரோட்டில் போனவங்களுக்கு இன்னொண்ணும் தெரியும். வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திரும்ப மதகடிப்பட்டு புதுச்சேரி, அப்புறம் வளவனூர் தமிழ்நாடு. இருபது கிலோமீட்டருக்குள்ள எல்லை இத்தனை தடவை மாறும். மேற்கே போறவங்களுக்கு நம்ம விலையில் கடைசி டீசல் மதகடிப்பட்டில்தான்.

என் திட்டம் இதுதான். மதகடிப்பட்டில் ஃபுல் டேங்க். அங்கிருந்து மாஹே சுமார் 610 கிலோமீட்டர். என் வண்டி ஹைவேயில் லிட்டருக்கு 13 கொடுக்கும். 57-ஐ 13-ஆல் பெருக்கினா 741. டிரெய்லருக்காக ஒரு கிலோமீட்டர் குறைத்து 12 என்று வைத்தாலும் 684. புதுச்சேரி விலையில் கிளம்பி, புதுச்சேரி விலையில் இறங்கலாம், நடுவில் ஒரு பங்க்கிலும் நிற்க வேண்டாம். அக்கா கேட்டாங்க, "இவ்ளோ கனம் பின்னாடி வருது, ஒரு கிலோமீட்டர்தான் குறையுமாடா?" நான் சொன்னேன், "அக்கா, ஹைவேல ஒருதடவை வேகம் எடுத்துட்டா கனம் பெருசா தெரியாது."

இதில் பாதி உண்மை. அந்தப் பாதிதான் என்னைக் கவிழ்த்தது.

சமதரையில் ஒரே வேகத்தில் போகும்போது எடை அவ்வளவு எரிபொருள் தின்னாது. டயர் உருள்வதற்கான தடை கொஞ்சம் கூடும், மேடு ஏறும்போதும் நின்று கிளம்பும்போதும் எடை தெரியும். ஹைவே வேகத்தில் பெரிய செலவு காற்றைத் தள்ளுவதுதான். என் வண்டியின் உயரம் 1.85 மீட்டர். காபி வண்டி தரையிலிருந்து 2.4 மீட்டர். கார் கிழித்துவிட்ட காற்றுக்குப் பின்னால் டிரெய்லரின் கீழ்ப்பகுதி ஒளிந்து வரும். மேலே அரை மீட்டருக்கு ஒரு தட்டைத் தகரச் சுவர் நேராகக் காற்றில் நிற்கும். அது போக பக்கவாட்டு உராய்வு, காருக்கும் பெட்டிக்கும் நடுவில் சுழலும் காற்று, கடைசியில் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் பிடித்து இழுக்கும் வெற்றிடம். ஒரு கதவைக் கழற்றி காரின் கூரை மேல் குறுக்கே நிற்கவைத்து ஓட்டினால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய அதுதான்.

இன்னொரு விஷயம், காற்றின் தடை வேகத்தோடு சேர்ந்து நேராகக் கூடாது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-ல் போவதை 100 ஆக்கினால் வேகம் கால் பங்குதான் அதிகம், தடை 1.56 மடங்கு. காருக்கு மட்டும்னா அதைத் தாங்கிக்கலாம். சுவரையும் சேர்த்து இழுக்கும்போது டீசல் முள் கண் முன்னாடி இறங்கும்.

மதகடிப்பட்டில் மத்தியானம் மூணு மணிக்கு டேங்க் நிரப்பினோம். டேஷ்போர்டு சொன்னது: இன்னும் 720 கிலோமீட்டர் போகலாம். அக்காவிடம் காட்டினேன், பெருமையாக.

அந்த 720 எங்கிருந்து வந்தது? வண்டிக்குப் பின்னால் டிரெய்லர் மாட்டியிருப்பது அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கடந்த சில நாள் நான் ஆபீஸுக்கும் ஈசிஆருக்கும் ஓட்டின சராசரியை எடுத்து, டேங்கில் இருப்பதோடு பெருக்கிச் சொல்கிறது. அது நேற்றைய கணக்கு. போகப் போகத்தான் பழைய சராசரி கரைந்து புதுசு உள்ளே வரும். உளுந்தூர்பேட்டைக்கு 55 கிலோமீட்டர் போயிருந்தோம், டேஷ்போர்டில் 130 குறைந்திருந்தது. நான் அக்காவிடம் சொல்லவில்லை. சேலத்தில் 190 கிலோமீட்டர் முடிந்தபோது அது 320 காட்டியது. மாஹேவுக்கு இன்னும் 420 போகணும். அதற்குமேல் மறைக்க முடியாது.

"அப்போ இங்கயே போட்டுடலாம்ல?" என்றார் அக்கா.

"வாளையாருக்கு முன்னாடி கடைசியா போட்டுக்கலாம்கா. மாஹே போய்ச் சேர எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும். 185 கிலோமீட்டர்தான். 320 காட்டுது."

திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். அந்தத் தள்ளிப்போடலில் மிச்சமாகியிருக்கக்கூடிய பணம், எப்படிப் பார்த்தாலும், முந்நூறு ரூபாய்க்குள்.

பெருந்துறை தாண்டினதும் ஸ்டியரிங்கில் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது. அவினாசிக்கு அப்புறம் வண்டியே வேறு மாதிரி ஆகிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் 80-ஐப் பிடிக்க முக்குகிறது, ஐந்தாவது கியர் தங்கவே மாட்டேன் என்கிறது. இன்ஜின் கோளாறோன்னு முதலில் பயந்தேன். நிறுத்தி இறங்கினேன். கதவைத் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டில் ஒரு பெரிய இடைவெளி இருக்கு, பாலக்காட்டுக் கணவாய். சுமார் முப்பது கிலோமீட்டர் அகலம். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையைத் தாண்ட முடியாமல் அந்தச் சந்துக்குள் நெருக்கி வந்து கொங்குப் பக்கம் கொட்டும். உடுமலை, பல்லடம் பக்கம் இத்தனை காற்றாலை நிற்பது அதனால்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை அதற்கு சீசன். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சின்ன வயசிலேருந்து கேட்டு வளர்ந்தவன், அந்தக் காற்றுக்கு நேர் எதிரே, ஆடியில, ஒரு தகரச் சுவரை இழுத்துட்டுப் போறேன்.

எதிர்க்காற்று வந்தால் கணக்கு இப்படி. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும். எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், வண்டி சந்திக்கும் காற்று 110. தடை, காற்றில்லாத நாளில் 80-ல் போவதைப் போல 1.9 மடங்கு. நான் மெதுவாகத்தான் போறேன்னு மனசு சொல்லும், டேங்குக்கு அது தெரியாது.

அப்போவாவது போட்டிருக்கலாம். இங்கேதான் டிரெய்லர் இழுப்பவர்களுக்கு மட்டும் புரியும் ஒரு சங்கடம். நீலாம்பூர் பைபாஸில் முதல் பங்க் ரோட்டுக்கு வலது பக்கம். எதிரே வரும் லாரிகளுக்கு நடுவே குறுக்கே திருப்பிப் போய், திரும்ப அதே மாதிரி வெளியே வரணும். வேண்டாம்னு விட்டேன். அடுத்த பங்க்கில் லாரிகள் அடைத்து நின்றன. உள்ளே போய்விட்டால் ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே வரமுடியும், ராத்திரி டிரெய்லரோடு ரிவர்ஸ் எடுக்கிற தைரியம் எனக்கு அப்போ இல்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினா பெட்டி வலது பக்கம் போகும். "அடுத்ததுல போடலாம்கா." டிரெய்லர் இல்லாம போகும்போது வழியில் ஐம்பது பங்க் இருக்கும். டிரெய்லரோட போகும்போது நேரா உள்ளே போய் நேரா வெளியே வரக்கூடிய பங்க் மட்டும்தான் பங்க். அது எத்தனைன்னு கிளம்பும் முன் யோசிச்சதே இல்லை.

மதுக்கரை வருவதற்குள் ரிசர்வ் லைட் எரிந்தது. வாளையாரைத் தாண்டும்போது டேஷ்போர்டில் எண் இல்லை, மூணு கோடு மட்டும். இன்னும் ஆறு கிலோமீட்டர் போனோம். ஒரு சின்ன மேட்டில் இன்ஜின் ஒருதடவை விக்கியது.

ராத்திரி பதினொன்றரை. ஓரம் கட்டினேன்.

பெட்ரோல் வண்டி காலியானால் பெட்ரோல் ஊற்றிக் கிளப்பிவிடலாம். இப்போதைய டீசல் இன்ஜின் அப்படி இல்லை. அதிக அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் பம்ப்புக்கு டீசலே மசகும்கூட. வறண்டு ஓடினால் பம்ப் தேயும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்றாமல் ஸ்டார்ட் ஆகாது. அப்புறம் மெக்கானிக், அப்புறம் விடிஞ்சிடும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாஹேயில் காபி ஊற்ற ஆரம்பிக்கணும்.

ஒரே வழிதான் தோன்றியது. கொக்கியைக் கழற்றி, டிரெய்லரை அங்கேயே விட்டு, வெறும் காரை ஓட்டிப் போய் டீசல் போட்டுவருவது. டேங்கில் மூணோ நாலோ லிட்டர் இருந்தால், டிரெய்லர் இல்லாமல் அது இரண்டு மடங்கு தூரத்துக்கு வரும். அக்காவை ஏறச் சொன்னேன்.

"நான் வரல. வண்டிய விட்டுட்டு எங்க வர்றது?"

அது வனத்தை ஒட்டிய பகுதி. வாளையாருக்கும் கஞ்சிக்கோட்டுக்கும் நடுவே ரயில் தண்டவாளத்தில் யானைகள் அடிபட்ட செய்திகளை நாம எல்லாரும் படிச்சிருக்கோம். நான் அதைச் சொல்லாமல், "சரி, நான் இருக்கேன், நீங்க ஓட்டிட்டுப் போங்க" என்றேன். அக்கா முன்னே பின்னே ஓட்டாத வண்டி, தெரியாத ரோடு, எப்போ நிற்கும்னு தெரியாத டேங்க். அவங்க தலையை ஆட்டிட்டு ஜெனரேட்டரை ஸ்டார்ட் பண்ணி காபி வண்டியின் எல்லா லைட்டையும் போட்டாங்க. முக்கோணத்தைப் பின்னால் தூரமாக வைத்துவிட்டு நான் கிளம்பினேன். ரியர் வியூ கண்ணாடியில் இருட்டுக்கு நடுவே அந்தப் பெட்டி மட்டும் திருவிழாக் கடை மாதிரி எரிந்தது. அந்தக் காட்சியை நினைச்சா இப்பவும் வயித்தைப் பிசையும்.

எட்டு கிலோமீட்டரில் ஒரு பங்க் திறந்திருந்தது. பயத்தில் ஃபுல் டேங்க் போட்டேன். எந்த விலைக்குப் போடக்கூடாதுன்னு இவ்வளவு பாடோ, அந்தக் கேரள விலைக்கே. (சிரிப்பு) பில்லில் 53 லிட்டர் சொச்சம். ஓடியது 389 கிலோமீட்டர். லிட்டருக்கு 7.3. நான் நினைத்தது 12.

திரும்பி வர முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. அக்காவுக்குப் பின்னால் ஒரு நாமக்கல் லாரி நாலு லைட்டையும் மினுக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் அண்ணன் கையில் அக்கா போட்ட காபி. என்ன ஆச்சுன்னு கேட்டார், சொன்னேன். சிரிச்சார். "காருக்காரங்க கிலோமீட்டர் பார்த்து டீசல் போடுவீங்க தம்பி. நாங்க லோடும் காத்தும் பார்த்துப் போடுவோம்." நான் கொக்கி மாட்டி லைட் வயரை இணைச்சு முடிக்கிற வரைக்கும் இருந்துட்டுத்தான் போனார். மாஹேவுக்குக் காலை ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வழியில் அக்கா என்கூட அதிகம் பேசவில்லை.

ஊர் திரும்பினதும் சில பேர் சொன்னாங்க, பெரிய டேங்க் வண்டி வாங்கு, பிரச்சினை தீர்ந்துச்சு. டொயோட்டா ஃபார்ச்சூனருக்கு 80 லிட்டர். என்னோடதைவிட 23 லிட்டர் அதிகம். லிட்டருக்கு 7-ன்னா கூடுதலாக 160 கிலோமீட்டர். அன்னைக்கு அது இருந்தா அந்த ராத்திரி நடந்திருக்காது, ஒத்துக்கறேன். ஆனா மாஹே வரைக்கும் அதுவும் போயிருக்காது.

டிரெய்லர் இழுப்பது அன்றாடப் பழக்கமா இருக்கிற ஊர் ஆஸ்திரேலியா. அங்கே விற்ற லேண்ட் குரூசர் 70 வரிசையின் ட்ரூப் கேரியரில் 90 லிட்டர் டேங்க் ரெண்டு, மொத்தம் 180. அதுக்கும் விலை உண்டு. டீசல் லிட்டருக்கு முக்கால் கிலோவுக்கு மேல் எடை, 180 லிட்டர்னா 150 கிலோ. ரெண்டு பெரிய ஆள். டிரெய்லர் கொக்கி மேல அழுத்துகிற எடையும், பொதுவா டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு, காரின் கணக்கில்தான் சேரும். ஆட்கள், சாமான், டீசல், கொக்கி எடை எல்லாம் சேர்த்து வண்டிக்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. டேங்கைப் பெரிசாக்கினால் வேறு எதையாவது இறக்கணும். இத்தனைக்கும் அங்கே நல்லார்போர் சமவெளி மாதிரி வெட்டவெளியில்கூட மெயின் ரோட்டில் ஒரு பங்க்குக்கும் அடுத்ததுக்கும் அதிகபட்சம் 190 கிலோமீட்டர்தான். நமக்கு அந்தத் தூரத்துக்குள் நாலு டவுன் வரும். நம்ம ரோட்டுக்கு 180 லிட்டர் எதுக்கு?

கேன்ல எடுத்துட்டுப் போகலாமேன்னும் கேட்டாங்க. 1934 பெட்ரோலியம் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு லைசென்ஸ் இல்லாமல் பெட்ரோல் 30 லிட்டர் வரைதான், டீசலுக்கு வரம்பு தாராளம். ஆனா காபி வண்டிக்குள்ள டீசல் கேன் வச்சா அப்புறம் அந்தக் காபியை யார் குடிப்பாங்க? எலெக்ட்ரிக் எஸ்யூவி வாங்கப் போறவங்களுக்கும் ஒரு வார்த்தை: அமெரிக்காவில் ஃபோர்ட் எஃப்-150 லைட்னிங்கை டிரெய்லரோடு ஓட்டிப் பார்த்தவங்க ரேஞ்ச் பாதியாகவோ அதுக்கும் கீழயோ குறையுதுன்னு சொல்லியிருக்காங்க. சார்ஜிங் இடத்தில் டிரெய்லரைக் கழட்டாம உள்ளே போறதும் கஷ்டம். என் பங்க் கதைதான், இன்னும் அடிக்கடி.

நான் செய்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஈசிஆரில் ஒரு பங்க்கில் ஆட்டோ கட் ஆகும் வரை நிரப்பி, மரக்காணம் போய்த் திரும்பி, அதே பங்க்கில் அதே பம்ப்பில் திரும்ப ஆட்டோ கட் வரை நிரப்பினேன். தூரத்தை லிட்டரால் வகுத்தா உண்மையான மைலேஜ். தனியா 13.4. டிரெய்லரோட 60-ல் போனா 10.2. 80-ல் 8.6. அந்த 20 கிலோமீட்டர் வேகத்துக்கு நான் கொடுக்கிற விலை அது. போகவும் வரவும் ஒரே ரோடுங்கறதால காற்று ஓரளவு சமமாயிடும். அப்புறம் டேங்கில் அடியில் 10 லிட்டர் இல்லவே இல்லைன்னு வச்சுக்கிட்டேன். 47 லிட்டர், எதிர்க்காற்று நாளுக்கு லிட்டருக்கு 6. மொத்தம் 282. அதனால 200 தாண்டினதும் நேரா போய் நேரா வரக்கூடிய முதல் பங்க்கில் நிற்பது. விலை போர்டைப் பார்ப்பதில்லை. பங்க்குகளை முந்தின நாளே மேப்பில் சாட்டிலைட் படத்தில் பார்த்துக் குறிச்சுக்கறேன். வாசல் ரெண்டு இருக்கா, நம்ம பக்கம் இருக்கா, அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம், அக்கா கண்டுபிடிச்சது. காபி வண்டியின் தண்ணி டேங்கில் 100 லிட்டர். அதாவது 100 கிலோ. மாஹே வரைக்கும் நாங்க அதை நிரப்பியே இழுத்துட்டுப் போனோம். மாஹேயில் தண்ணி இல்லையா என்ன! காற்றில் அது பெரிய வித்தியாசம் பண்ணாது. ஆனா பிரேக் பிடிக்கும்போதும் மேடு ஏறும்போதும் தெரியுது.

திரும்பி வந்த கதையைச் சொல்லணும்ல. மாஹேயில் வரிசையில் நின்று நம்ம விலைக்கு நிரப்பிக்கொண்டு 70-ல் கிளம்பினோம். பாலக்காட்டுக்கு அப்புறம் அதே ஆடிக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளியது. வாளையாரிலிருந்து அவினாசி வரை டேஷ்போர்டு லிட்டருக்கு 11-க்கு மேல் காட்டியது. சேலத்தில் நான் கேட்காமலே பங்க்குக்குள் திருப்பினேன். அக்கா டேஷ்போர்டைப் பார்த்தாங்க. என்னைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லாம இறங்கிப் போய் டயரில் காற்று செக் பண்ண ஆரம்பிச்சாங்க.

அடுத்த மாசம் காரைக்காலில் ஒரு ஆர்டர். 130 கிலோமீட்டர், போய்வர ஒரு டேங்க் தாராளமாகப் போதும், அங்கேயும் நம்ம விலைதான். கடலூர்ல ஒரு பங்க்கையும் சிதம்பரத்துல ஒரு பங்க்கையும் அக்கா ஏற்கனவே குறிச்சு எனக்கு அனுப்பிட்டாங்க.